அக்குளில் வைத்த ரத்தம்

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. என் இடது அக்குளுக்கு வருவதில்லை. அதுவும் என்னோடு சேர்ந்து அரசாங்கத்துக்கு உழைத்ததுதான்.

இதை எழுத வைத்தவள், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் பெண். ஒரு கல்யாணப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலை எனக்கு. “சார், இப்போ ஒரு சின்ன அட்டை வந்திருக்கு. ஒரு சொட்டு ரத்தம் விட்டா போதும். மலேரியாவுக்குக் குடுக்கிற பிரைமாகுவின் மாத்திரை இந்த ஆளுக்கு ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு பாயசம் வர்றதுக்குள்ள சொல்லிடும்” என்றாள். சொல்லிவிட்டு, “உங்க காலத்துல மலையில கரண்டே சரியா இருக்காதாமே, ரத்தத்த உடம்புச் சூட்டுல வெச்சுப் பாக்கணும்னா எங்க சார் வெப்பீங்க?” என்று கேட்டாள். நான் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினேன். அவள் தன் இலையைச் சற்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். முழுக் கதையையும் பந்தியில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் படித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நுனியில் குத்து, கண்ணாடித் தகட்டில் தேய், சாயம் போடு, பார். முதல் ஆறு மாதம் என் விரலையே குத்திக்கொண்டேன். மீதி ஆறு மாதம் பக்கத்து நாற்காலிக்காரன் விரலைக் குத்தினேன். படிப்பு முடிந்ததும் ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். மற்றவர்களைத் தண்டனை இடமாற்றமாக அனுப்பும் இடம் அது. நான் தண்டனை வாங்கும் அளவுக்குக்கூடச் சர்வீஸ் போடவில்லை. எழுபதுகளின் கடைசி. போய்த்தொலைந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த மலேரியா, மறந்துவைத்த குடையை எடுக்க வந்தவன் போலத் திரும்பி வந்திருந்தது.

மலைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ரத்தக்காரரு’. நான் ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். சில பெரியவர்களும் அப்படித்தான்.

எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட இளையவர். திருப்பத்தூர்ப் பக்கம். உருவம் சின்னது, குரல் அதைவிடச் சின்னது. அந்தக் குரலை அவர் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கலெக்டரையும் ஐயா என்பார், கம்பவுண்டரையும் ஐயா என்பார். ஒருமுறை ஜீப்பை மறித்து நின்ற எருமையிடம் இறங்கிப் போய், “கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க ஐயா” என்று சொன்னதை இந்தக் கண்ணால் பார்த்தேன். எருமை ஒதுங்கியது. நாங்கள் எல்லோரும் அந்த எருமையைப் போலத்தான் இருந்தோம்.

அவரிடம் ஒரே ஒரு தொல்லை. கண்ணால் கண்டதற்கும் மனதில் நினைத்ததற்கும் நடுவே அவர் ஒரு வேலி போட்டிருந்தார். “அந்தப் பெரியவருக்கு ரத்தம் ரொம்பக் கம்மி மேடம்” என்று சொன்னால், “அது நீங்க நினைச்சது. பார்த்தது என்ன ஐயா?” என்பார். இமையின் உட்புறம் வெளுத்திருந்தது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பார்த்ததையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “சரி, இப்போ நினைச்சதைச் சொல்லுங்க” என்பார். அதற்குள் நினைத்தது மறந்து போயிருக்கும். வீட்டுக்குப் போய் என் மனைவி “குழம்பு எப்படி?” என்று கேட்டால் “மஞ்சளாக இருக்கிறது” என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த வருஷம் நடந்த சண்டைகளில் பாதிக்கு டாக்டரம்மாதான் காரணம்.

கல்லாத்துக்கொல்லை என்று ஓர் ஊர். ஜீப் போகாது. பாதை முடியும் இடத்தில் இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு ஊடாக ஏறிப் போக வேண்டும். அந்த ஊரில் காய்ச்சல் போகும், மாதம் கழித்துத் திரும்ப வரும். வழக்கமான வெள்ளை மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியை அடிக்கும். ஈரலில் பதுங்கியிருப்பதை அது தொடாது. பதுங்கியதை வெளியே இழுத்து அடிக்கத்தான் பிரைமாகுவின். பழுப்பு நிற மாத்திரை. மலேரியா ஊழியருக்கே காய்ச்சல் என்பதால், ரத்தத்தில் கிருமி தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலமாக மாத்திரைகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் “சரிங்க” என்றார்கள். அத்தனை பேர் ஒரே குரலில் சரிங்க என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

சில நாள் கழித்து ஒரு காலையில் அந்த ஊர்ச் சடையன் சுகாதார நிலையத்துக்கு வந்தான். ஊர் நாட்டாமை ஆண்டியப்பனுக்கு இவன் பங்காளி. இரண்டு பேருடைய அப்பன்களும் அண்ணன் தம்பி; அவர்கள் கட்டியது ஒரு வீட்டு அக்கா தங்கையை. அதாவது சண்டை போட எல்லாத் தகுதியும் உள்ள உறவு. ஒரு புளியமரம் யாருடையது என்று இருவருக்கும் வெகுகாலமாக வழக்கு. பேசும்போது சடையனின் இரண்டு கைகளும் காற்றாடி மாதிரி சுற்றும். அவனுக்கு எதிரே நிற்பவர்கள் ஓரடி தள்ளியே நிற்பார்கள்.

“நாட்டாமைக்கு ஒண்ணுக்கு கறுப்பாப் போவுதுங்க” என்றான். குரலில் துக்கம் இருந்தது. போதுமான அளவு இல்லை.

டாக்டரம்மா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “கறுப்புன்னா எப்படி ஐயா?”

“காப்பியாட்டம்ங்க.”

“பால் ஊத்தினதா, ஊத்தாததா?”

“வரக்காப்பிங்க.”

“கெட்டியா, தண்ணியா?”

சடையனின் கைகள் அந்தரத்தில் நின்றன. “நான் குடிச்சுப் பாக்கலீங்க” என்றான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “கண்ணு மஞ்சளா இருக்கா? எழுந்து நடக்கிறாரா?” கண் மஞ்சள். நடந்தால் தலை சுற்றுகிறது. காய்ச்சல் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

“காய்ச்சலே இல்லாதவருக்கு நான் மாத்திரை கொடுக்கவே இல்லையே மேடம்” என்றேன்.

“அவருக்குன்னு குடுக்கலீங்க. எல்லார் பொட்டலத்துலயும் மொத மாத்திரய அவருதான துன்னாரு” என்றான் சடையன், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்வது போல.

டாக்டரம்மா வெந்நீரைக் குடிக்காமல் எழுந்தார். அப்படி அவர் எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஜீப்பில் சடையன் விவரம் சொன்னான். கைக்குப் பயந்து டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். கல்லாத்துக்கொல்லைக்குள் புதிதாக எது வந்தாலும், அது வாயில் போடும் பொருளாக இருந்தால், நாட்டாமைதான் முதலில் தின்ன வேண்டும். நஞ்சாக இருந்தால் முதலில் அவருக்கு ஆகட்டும் என்பது ஊர் வழக்கம். மூன்று நாள் அவரைப் பார்ப்பார்கள். அவர் நன்றாக இருந்தால் ஊர் தின்னும். வெள்ளை மாத்திரையை இவருடைய அப்பா காலத்திலேயே தின்று பார்த்து அனுமதித்துவிட்டார்கள். பழுப்பு மாத்திரை புதிது. அதனால் நாட்டாமை ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒன்று எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே அத்தனையையும் விழுங்கிவிட்டார். ஊர் பொட்டலங்களைக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாட்டாமை பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்கச் சொன்னால் படுக்க மாட்டேன் என்கிறாராம். தலைப்பாகை கட்டியிருந்தார். தலைப்பாகைக்குக் கீழே முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்கள் எலுமிச்சை மஞ்சள். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளச்சி, கையைக் கட்டிக்கொண்டு, எந்த நேரமும் யாரையாவது திட்டத் தயாராக இருப்பவரைப் போல நின்றிருந்தார். டாக்டரம்மா முதலில் செய்த காரியம், சலைன் பாட்டிலைப் பலாக்கிளையில் கட்டி நாட்டாமை கையில் ஊசியை ஏற்றியது. அடுத்து என்னைப் பார்த்தார்.

நான் மைக்ராஸ்கோப் பெட்டியைப் பாறைமேல் திறந்தேன். அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினால் போதும், விளக்கு வேண்டாம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து ஒரு புட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அதை உப்புத் தண்ணீரில் கலந்து, வடிகட்டி, நாட்டாமையின் ஒரு சொட்டு ரத்தத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களின் ஓரங்களில் ஊதாப் புள்ளிகள். ஒன்றில் இரண்டில் அல்ல, பார்க்கும் அணுவிலெல்லாம்.

“என்ன பார்த்தீங்க ஐயா?”

“ஓரத்தில் ஊதாப் புள்ளி மேடம். உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது.”

“இப்போ நினைச்சதைச் சொல்லுங்க.”

“ரத்தத்தில் இருக்கிற இரும்பு துருப்பிடித்துவிட்டது.”

“துரு இல்லை ஐயா” என்றார். அந்தச் சொல்மேல் அவருக்குப் பகை. பிறகு சொன்னார். ரத்தத்தின் சிவப்புக்கே இரும்புதான் காரணம். ஹீம் என்கிற சின்னத் தட்டின் நடுவில் ஓர் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. குளோபின் என்கிற புரதம் அந்தத் தட்டைப் பொத்தி வைத்திருக்கிறது. இரும்பு பிராணவாயுவை வாங்கி, கேட்ட இடத்தில் கொடுக்கும். பிராணவாயுவோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதில் ஆபத்தும் உண்டு. இந்த மாத்திரை மாதிரி ஏதாவது உள்ளே வந்து கிளறிவிட்டால் இரும்பு தன் நிலை மாறும், ரத்தம் பழுப்பாகும், புரதமும் கெட்டுவிடும். நம்மில் பெரும்பாலோருடைய அணுவுக்குள் இந்தச் சேதத்தை அவ்வப்போது சரிசெய்ய ஒரு நொதி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. அவர்களுக்குப் புரதம் திரண்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், அணு உடையும்.

“பால் திரிந்து பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிற மாதிரியா மேடம்?”

“அது சரி” என்றார். என் பணிக்காலத்தில் அவர் அப்படியே ஒத்துக்கொண்ட உவமை அது ஒன்றுதான். “உடைஞ்ச அணுவோட முடியாது ஐயா. வெளியே வந்த ஹீமும் இரும்பும் சும்மா இருக்காது. போற வழியில இருக்கிற மத்த புரதத்தையும் கெடுக்கும். கிட்னியில போய் அடைக்கும். சிறுநீர் கறுப்பா வர்றவரைக்கும் பரவாயில்லை. வர்றது நின்னுட்டா நாம தோத்தோம். இவருக்கு வேற ரத்தம் ஏத்தணும். இப்பவே கீழே கொண்டுபோகணும்.”

அவரைத் தூக்கிப் போக டோலி கட்டச் சொன்னார். நாட்டாமை கையை உயர்த்தினார். ஊசி ஏற்றிய கை.

“தீர்ப்பு சொல்லாம நான் எல்லை தாண்ட முடியாதுங்க டாக்டரம்மா. நான் எதுக்கு மொதல்ல துன்றேன்? நஞ்சா இருந்தா எனக்கு ஆவட்டும்னுதான? ஆயிருச்சு. அப்ப இது நஞ்சு. இதச் சொல்லிட்டு வர்றேன். ஊரு அந்தப் பொட்டலத்த ஆத்துல போட்டுரும்.”

“அது உங்களுக்குத்தான் நஞ்சு ஐயா. மத்தவங்களுக்கு மருந்து.”

“எனக்கு ஒரு வவுறு, ஊருக்கு ஒரு வவுறாங்க?”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “அவர் சொல்றதுல தப்பு ஒண்ணுமில்லை ஐயா. ஒரே ஒருத்தரை வெச்சுப் பார்த்தா இந்த முடிவுக்குத்தான் வரணும்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறார், இவர் அவருடைய தர்க்கத்துக்கு மார்க் போடுகிறார்.

ஆனால் அவர் தடுமாறியதையும் பார்த்தேன். நாட்டாமையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். போனால் ஊர் அந்த மாத்திரையை இனித் தொடாது. இதே காய்ச்சலோடு ஆயுசு முழுக்கக் கிடக்கும். அவர் கீழே செத்துப்போனாலோ, எந்த மருந்தும் எந்த டாக்டரும் இந்த மலையேற முடியாது. நாட்டாமைக்கும் அது தெரிந்திருந்தது. “நான் பூட்டா உங்க மேல பழி வரும் தாயீ. அதுக்குத்தான் வாய் இருக்கசொல்ல தீத்துட்டுப் போவணும்ங்கிறேன்” என்றார். உயிர் போகிற நேரத்தில் எதிராளிக்காக வருத்தப்படுகிறவரிடம் என்ன வாதம் செய்வது?

“மூணு மணி நேரம் குடுங்க ஐயா. ஊருக்கு ஒரே வயிறா, ரெண்டு வயிறான்னு எல்லார் கண்ணெதிரேயும் காட்டறேன். அதுக்கப்புறம் நீங்க தீர்ப்புச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பாட்டில் இறங்கட்டும். தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க” என்றார் டாக்டரம்மா.

இந்தச் சோதனைக்கான மருந்துகளை மலைக்கு வந்த புதிதிலேயே அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். முறை இதுதான். கொஞ்சம் ரத்தத்தில் நைட்ரைட் உப்பைச் சேர்த்தால் இரும்பு நிலை மாறி, யாருடைய ரத்தமானாலும் புளித்தண்ணி நிறமாகும். கூடவே சர்க்கரையும் ஒரு துளி நீலச் சாயமும். உடம்புச் சூட்டில் மூன்று மணி நேரம். நொதி உள்ளவர் ரத்தம் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு மறுபடி சிவப்பாகும். குறைந்தவர் ரத்தம் புளித்தண்ணியாகவே நிற்கும். மருந்து இருந்தது, காலி ஊசிமருந்துக் குப்பிகள் இருந்தன. உடம்புச் சூட்டுக்குத்தான் பெட்டி இல்லை.

“உடம்பு இருக்கே ஐயா” என்றார் டாக்டரம்மா.

பொட்டலம் வாங்கியவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். நாட்டாமை முதலில் கொடுத்ததால் மற்றவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. அந்த வழக்கத்தில் எங்களுக்கு உபயோகப்பட்டது அது ஒன்று. வெள்ளச்சி பொட்டலம் வாங்காதவர். ஆனாலும், “எனக்கும் எடு” என்று கையை நீட்டினார். டாக்டரம்மாவும் நானும் எங்கள் ரத்தத்தையும் எடுத்துச் சேர்த்தோம். மருந்து விட்டதும் எல்லாக் குப்பியும் ஒரே பழுப்பு.

கூட்டம் ஆச்சரியப்பட்டது. “டாக்டரம்மா ரத்தமும் புளித்தண்ணி ஆயிருச்சுடா!” என்று ஒருவர் பரம திருப்தியோடு சொன்னார்.

ரப்பர் மூடி போட்டு, பெயர் எழுதிய துணி சுற்றி, அவரவர் குப்பியை அவரவர் இடது அக்குளில் வைத்துவிட்டோம். கை அசையக் கூடாது, குப்பி விழக் கூடாது. நாட்டாமை கட்டிலில். எதிரே ஊர், இறக்கை அடிபட்ட கோழிகள் மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. சும்மா உட்கார முடியுமா? ஊர் கூடிவிட்டது, நாட்டாமை இருக்கிறார். பழைய வழக்குகளைப் பேச ஆரம்பித்தார்கள். முதல் வழக்கே புளியமரம்.

சடையன் எழுந்தான். வாயைத் திறந்தான். இடது கை புறப்படப் பார்த்தது. “குப்பி! குப்பி!” என்று ஊரே கத்தியது. கையை ஒட்டிக்கொண்டான். வலது கை தனியாகப் போகப் பழக்கமில்லாததால் அதுவும் நின்றுவிட்டது. கை நின்றதும் பேச்சும் நின்றது. “மரம்... வந்து... எங்க அப்பாரு...” என்று கொஞ்ச நேரம் தவித்துவிட்டு உட்கார்ந்தான். தலைமுறையாக நடக்கும் அந்த வழக்கில் அவன் முதல் முறையாக எதிர்த்தரப்பின் வாதத்தை முழுக்கக் கேட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு சொன்னார்கள். கூட்டத்தின் நடுவே ஓர் ஆடு வந்து ஒருவருடைய வேட்டியைத் தின்றது. அவரால் விரட்ட முடியவில்லை. “ஐயா, அதைச் சாப்பிடாதீங்க” என்று டாக்டரம்மா சொன்னார். ஆடு எருமையல்ல, கேட்கவில்லை. எனக்கு அக்குளில் அரித்தது. எப்படி அரித்தது என்று எழுத எனக்குத் தமிழ் போதாது.

நடு நடுவே டாக்டரம்மா நாட்டாமையைப் பார்த்துவிட்டு வருவார். சிறுநீர் இறங்குகிறதா என்று கேட்பார். இறங்கிக்கொண்டிருந்தது. நாட்டாமை பேசுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளச்சி ஒரு சொம்புத் தண்ணீரை அவர் வாயருகே பிடித்தபடியே நின்றார். அவர் குடிக்கவில்லையென்றால் திட்டினார். எனக்குச் சிரிப்பும் பயமும் மாறி மாறி வந்தன.

நேரம் ஆனதும் குப்பிகளை வாங்கிப் பாறைமேல் வரிசையாக வைத்தேன். பெரும்பாலானவை நல்ல சிவப்பு, நாவல்பழச் சாறு கொஞ்சம் கலந்த மாதிரி. என்னுடையது சிவப்பு. டாக்டரம்மாவுடையதும் சிவப்பு. வெள்ளச்சியினுடையதும். நாட்டாமையின் குப்பி அதே புளித்தண்ணி. அதன் பக்கத்தில் இன்னொரு புளித்தண்ணி. துணியைப் பிரித்துப் பார்த்தேன்.

“சடையன்” என்றேன்.

ஊர் திரும்பி அவனைப் பார்த்தது. டாக்டரம்மா சொன்னார்: “இது அம்மா வழியா வர்றது ஐயா. உங்க ரெண்டு பேர் அம்மாவும் கூடப் பொறந்தவங்கதானே. நீங்களும் இந்த மாத்திரை போட்டிருந்தா இதே கட்டில்ல இன்னொருத்தரா உட்கார்ந்திருப்பீங்க.”

சடையனின் இரண்டு கைகளும் இப்போது விடுதலையாகியிருந்தன. ஆனால் அவன் அவற்றை எடுக்கவில்லை. கட்டிலுக்குக் கிட்டே போய் நின்றான். “அண்ணா” என்றான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு வெகு காலமாகியிருந்தது என்பது ஊர் மூச்சை அடக்கியதிலேயே தெரிந்தது. “நீ துன்னதால நான் தப்பிச்சேன். இந்த வருசம் புளிய நீயே உலுக்கிக்கோ.”

நாட்டாமை கண்ணைத் திறந்தார். “இந்த வருசம் மட்டுந்தானா?” என்றார். உயிர் கெட்டியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

காரியம் முடிந்தது என்று நான் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்தேன். அப்போதுதான் காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு பெண் கேட்டாள்: “ரத்தம் செவப்பாச்சு, சரிங்க. குப்பி வவுறு ஆவுங்களா? செவப்பு ரத்தக்காரங்க இத்தத் துன்னு யாரு பாத்தாங்க?”

டாக்டரம்மா, “நல்ல கேள்வி” என்றார். பிறகு, “நான் சாப்பிடறேன்” என்றார்.

“நீங்க கீழ்நாட்டுக்காரங்க. உங்க வவுறு வேற” என்றாள் அவள். கூட்டம் தலையாட்டியது. நாட்டாமையும் தலையாட்டினார். இன்னும் மூன்று நாள் இன்னொருவருக்குக் கொடுத்துப் பார்க்க இந்த மனிதருக்கு நேரமில்லை. தீர்ப்பில்லாமல் அவர் எல்லை தாண்ட மாட்டார். இத்தனை அக்குள்களும் வீண் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான் துன்னுட்டேன்” என்றார் வெள்ளச்சி.

யாருக்கும் புரியவில்லை. நாட்டாமை, “இன்னா?” என்றார்.

“இன்னா இன்னா? துன்னுட்டேங்கிறேன். ஒவ்வொரு பொட்டலத்துலயும் ஒண்ணு எடுத்து மொதல்ல நான் துன்னேன். பொறவுதான் உங்கிட்ட குடுத்தேன். அன்னிக்கி ஒரு பொழுது வவுறு வலிச்சுது. அவ்ளோதான். சாமைக் கொல்லைக்குப் போய்ட்டுத்தான் வந்தேன்.”

டாக்டரம்மா அவர் அருகே போனார். “சாப்பிட்டது நீங்களா அம்மா? எல்லாப் பொட்டலத்திலயும்?”

“பின்ன? நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்ட அன்னிக்கே எங்க மாமியாரு சொல்லிட்டாங்க. நாட்டாமைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு தாங்காது, எதுவானாலும் நீ துன்னு பாத்துட்டுக் குடுன்னு. அவங்களும் அவங்க வூட்டுக்காரருக்கு அப்படித்தான் குடுத்தாங்களாம். அந்த வெள்ள மாத்திரய அவங்கதான் துன்னு பாத்தாங்க.”

தலைமுறை தலைமுறையாக நாட்டாமைகள் முதலில் தின்றதாகப் பேர். அடுப்படியில் யார் தின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாட்டாமையின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

“அப்ப நாட்டாம யாரு?” என்றான் சடையன்.

“வாய மூட்றா” என்றார் நாட்டாமை. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, “இவ குப்பி செவப்புதானங்க?” என்று கேட்டார்.

“சிவப்பு ஐயா.”

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கப்படி சொல்ல வேண்டிய குரலில் சொன்னார்: “மொதல்ல துன்னவ நல்லா இருக்குறா. செவப்பு ரத்தம் துன்னலாம். புளித்தண்ணி ரத்தம் துன்னக் கூடாது. தீர்ப்பு ஆச்சு.” சொல்லி முடித்ததும் அப்படியே சாய்ந்துவிட்டார்.

டோலியின் முன்கொம்பைச் சடையன் பிடித்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. நாங்கள் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. ஜீப்பில் போளூர் இறங்கி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. போகிற வழியெல்லாம் டாக்டரம்மா நாட்டாமையின் மணிக்கட்டை விடவில்லை. பார்த்ததையும் சொல்லவில்லை, நினைத்ததையும் சொல்லவில்லை.

அங்கே ரத்தம் இருப்பு இல்லை. உறவுக்காரர் யாராவது கொடுக்க வேண்டும். சடையன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். “உங்க ரத்தம் அதே ரகம் ஐயா, வேண்டாம்” என்று டாக்டரம்மா சொன்னதும், திட்டு வாங்கியவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜீப்பில் கூடவே வந்திருந்த வெள்ளச்சி கையை நீட்டினார். அவர் ரத்தத்தில் மலேரியாக் கிருமி உண்டா என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. வகை பார்த்தேன். பொருந்தியது. அதையும் இன்னொரு முறை பார்த்தேன்.

விடிந்த பிறகு வார்டுக்குப் போனேன். நாட்டாமையின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த சிறுநீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். வரக்காப்பி, தேநீராகியிருந்தது. வெள்ளச்சி கையில் பஞ்சு ஒட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாட்டாமை தலைமாட்டில் தொங்கிய ரத்தப் பாட்டிலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து மனைவியோடு அவர் பேசவில்லையாம். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

“இந்த ரத்தம் எவனுதோ. இதையாவது நான் மொதல்ல வாங்குறேனா?”

“அதுவும் இல்ல” என்றார் வெள்ளச்சி. “என்னுதுதான். இத்தன வருசம் என் ஒடம்புல ஓடவிட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்துருக்கேன். பேசாம ஏத்திக்கோ.”